கேலக்ஸி ஜூ: தொலைதூரச் சுருள் கேலக்ஸியைத் தேட இந்த இலவசத் தளம் போதுமா?

கேலக்ஸிகளின் வடிவத்தைப் பொதுமக்களின் கண்ணைக்கொண்டு வகைப்படுத்தும் கேலக்ஸி ஜூ தளத்துக்குக் கட்டணம் கிடையாது. பதிவு செய்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரவுசரில் திறந்தால் ஒரு கேலக்ஸியின் படமும் பக்கத்தில் ஒரு கேள்வியும் வரும். பதில் சொன்னால் அடுத்த கேள்வி, அது முடிந்தால் அடுத்த படம். 2007 ஜூலையில் தொடங்கியதிலிருந்து வேலை இவ்வளவுதான். வருகிறவர்களில் பலர் ஓர் ஆசையோடு வருகிறார்கள்: இதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு சுருள் கேலக்ஸி நம் கண்ணில் முதலில் பட்டுவிடாதா?

அந்த ஆசைக்கு இந்தத் தளம் பாதி தூரம்தான் துணைக்கு வரும். ஒரு கேலக்ஸியின் வடிவம் என்ன என்று தீர்மானிப்பதில் இதற்கு ஈடான பொதுச்சேவை வேறு இல்லை. ஆனால் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பற்றி இது வாயே திறக்காது. தொலைவு தெரியாத சுருள் வெறும் அழகான படம். அதனால் கேலக்ஸி ஜூவை மட்டும் எடைபோட்டால் கணக்கு தப்பும்; கூடவே திறந்து வைத்துக்கொள்ள வேண்டிய மற்ற இலவசக் கருவிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அலக்நந்தாவை அளவுகோலாக வைத்துப் பார்த்தால்

புணேயில் உள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயின், யோகேஷ் வாடதேகர் இருவரும் 2025 நவம்பரில் அறிவித்த கேலக்ஸி அலக்நந்தா. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில், ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்து இருக்கும் திசையில் அகப்பட்டது. செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலை நீண்டு சிவப்புப் பக்கம் நகரும் அளவு; தொலைவு கூடக்கூட இதுவும் கூடும்) சுமார் 4.05. பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 150 கோடி ஆண்டுகள் கழித்து அது எப்படி இருந்ததோ அப்படித்தான் நமக்குத் தெரிகிறது. குறுக்களவு சுமார் 30,000 ஒளியாண்டு. நட்சத்திரங்களின் மொத்த நிறை ஆயிரம் கோடி சூரியன்களுக்குச் சமம். நடுவில் ஒரு புடைப்பு, அதிலிருந்து சமச்சீராகப் பிரியும் இரண்டு கரங்கள். அவ்வளவு சின்ன வயதுப் பிரபஞ்சத்தில் கேலக்ஸிகளின் தட்டுகள் இன்னும் கொந்தளிப்பாகத்தான் இருக்கும், இப்படி ஒழுங்கான கரங்கள் எழ நேரம் போதாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஒரு குட்டு.

இதைக் கண்டுபிடிக்க மூன்று வேலைகள் நடந்தன. ஏற்கெனவே பொதுவில் வெளியிடப்பட்டிருந்த படங்களிலிருந்தும் பட்டியலிலிருந்தும் சுமார் 70,000 பொருள்களைச் சலித்தது ஒன்று. ஏறத்தாழ 20 வடிகட்டிகளில் (குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் விடுபவை) பதிவான ஒளியளவுகளை வைத்துச் செம்பெயர்ச்சியைக் கணித்தது இரண்டாவது. அந்தத் தட்டில் தெரிவது உண்மையான சுருளா, வெறும் ஒளித்திட்டுகளா என்று வடிவத்தைச் சோதித்தது மூன்றாவது. கேலக்ஸி ஜூ உங்களுக்குக் கற்றுத்தருவது இந்த மூன்றாவதை மட்டுமே. அதை மிக நன்றாகக் கற்றுத்தரும்.

30,000 ஒளியாண்டு அகலமுள்ள தட்டு அந்தத் தொலைவில் வானத்தில் பிடிக்கும் இடம் சுமார் 1.3 ஆர்க்செகண்ட். ஒரு டிகிரியை 3,600 பங்கு போட்டால் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட். கேலக்ஸி ஜூ முதலில் காட்டிய ஸ்லோன் வான ஆய்வின் படங்களில் ஒரு பிக்சல் 0.396 ஆர்க்செகண்ட். அப்படியென்றால் அலக்நந்தா அதில் மூன்றே பிக்சல். காற்றுமண்டலத்தின் கலங்கல் 1.4 ஆர்க்செகண்ட் அளவுக்கு இருப்பதால் அந்த மூன்றும் ஒரே புள்ளியாகக் குழைந்துவிடும். வெப்பின் நிர்கேம் கேமராவில், குறு அலைநீளப் பக்கத்தில் ஒரு பிக்சல் 0.031 ஆர்க்செகண்ட். அதே கேலக்ஸி அங்கே 40 பிக்சலுக்கு மேல் விரிகிறது. ஆக, எவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறீர்கள் என்பதைவிட எந்தத் தொலைநோக்கியின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

எந்த வரிசை, எவ்வளவு தூரம்

தளத்தில் ஓடும் படத்தொகுப்பு காலத்துக்கேற்ப மாறும். ஸ்லோனில் தொடங்கி ஹப்பிள், சிலியிலுள்ள பிளாங்கோ தொலைநோக்கியின் டார்க் எனர்ஜி கேமரா என்று போய், 2024 ஆகஸ்டில் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி, 2025இல் வெப்பின் காஸ்மோஸ்-வெப் ஆய்வு வரை வந்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எந்தத் தொகுப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் திறந்திருந்தால் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருக்கும்.

ஸ்லோன் படங்களில் செம்பெயர்ச்சி 0.03 அளவில், அதாவது ஒளி 40 கோடி ஆண்டு பயணம் செய்துவரும் தொலைவில், ஓர் ஆர்க்செகண்ட் என்பது ஏறத்தாழ 2,000 ஒளியாண்டு. கரங்கள் நன்றாகவே தெரியும். 0.1க்குப் போனால் அதே ஓர் ஆர்க்செகண்ட் 6,000 ஒளியாண்டாகிவிடும். சுருள் இருக்கும், ஆனால் பார்க்கிறவர்கள் ‘வழுவழுப்பு’, அதாவது கரம் எதுவும் இல்லை என்று வாக்களித்துவிடுவார்கள். யூக்ளிடின் ஒளிக்கேமராவுக்குக் காற்றுமண்டலத் தொல்லை இல்லை, பிக்சல் 0.1 ஆர்க்செகண்ட். செம்பெயர்ச்சி 1க்குப் பக்கத்தில், 780 கோடி ஆண்டு பழைய ஒளியில்கூடப் பெரிய சுருள்களின் கரங்கள் பிடிபடும்.

புதிதாக வருகிறவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. படத்தில் சின்னதாகத் தெரிந்தால் தொலைவில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். பிரபஞ்சம் விரிவதால் இந்தக் கணக்கு ஓரளவுக்கு மேல் செல்லாது. செம்பெயர்ச்சி 1.6 வாக்கில் ஒரு கேலக்ஸியின் தோற்ற அளவு மிகச் சிறியதாகிறது. அதற்கும் அப்பால் போனால் கொஞ்சம் பெரிதாகவே தெரியத் தொடங்கும். மாறுவது ஒளி. பரப்பின் பிரகாசம், செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. செம்பெயர்ச்சி 1 என்றால் 16 மடங்கு, 4 என்றால் 625 மடங்கு மங்கல். தொலைதூரச் சுருள்களின் வெளிக்கரங்கள் முதலில் காணாமல்போவதற்குக் காரணம் இதுதான். நடுப்புடைப்பும் உட்கரங்களும் மட்டும் எஞ்சி நிற்கும்.

நிறமும் ஏமாற்றும். காஸ்மோஸ்-வெப் நிர்கேமில் நான்கு வடிகட்டிகளைப் பயன்படுத்தியது: 1.15, 1.5, 2.77, 4.44 மைக்ரான். செம்பெயர்ச்சி 4இல் உள்ள கேலக்ஸியை 1.15 மைக்ரானில் பார்த்தால் அது அந்தக் கேலக்ஸியிலிருந்து கிளம்பும்போது 0.23 மைக்ரான் புற ஊதாவாக இருந்த ஒளி. அதில் புதிதாகப் பிறந்த நட்சத்திரக் கொத்துகள் மட்டும் மணிமணியாகத் தெரியும். கரம் தொடர்ச்சியாகத் தெரியாது. 2.77 மைக்ரானில்தான் நம் கண்ணுக்குப் பழகிய பச்சை-மஞ்சள் ஒளியில் பார்ப்பதற்கு ஒப்பான படம் கிடைக்கும். நீலத் திட்டுகள் சிதறிக்கிடப்பதை மட்டும் வைத்து ‘ஒழுங்கில்லாத கேலக்ஸி’ என்று ஒதுக்கிவிட்டால் நல்ல சுருள்கள் கைநழுவும்.

கேள்விகளுக்குள் போகும் முறை

வழுவழுப்பான கேலக்ஸிக்கு மூன்று கேள்விகளில் வேலை முடிந்துவிடும். முகம் காட்டி நிற்கும் சுருளுக்கு எட்டு வரை போகும்: கூறுகள் (கரம், தண்டு போன்ற உறுப்புகள்) உண்டா, பக்கவாட்டில் தெரிகிறதா, நடுவில் தண்டு உண்டா, சுருள் உண்டா, எவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருக்கிறது, எத்தனை கரங்கள், நடுப்புடைப்பு எவ்வளவு பெரிது, பக்கத்துக் கேலக்ஸியோடு மோதலா.

எல்லாவற்றுக்கும் மேல் முக்கியமானது முதல் கேள்வி. வழுவழுப்பா, கூறுகளோ தட்டோ தெரிகிறதா, நட்சத்திரமோ படக்கோளாறோ என்று மூன்று பொத்தான்கள். ‘வழுவழுப்பு’ என்று அழுத்திவிட்டால் சுருள் பற்றிய கேள்வி உங்களிடம் வரவே வராது. அதனால் அழுத்துமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். படத்தைப் பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள்; மையத்தைப் பார்த்தால் எல்லாமே வழுவழுப்பாகத்தான் தெரியும். பிறகு நிறத்தைத் தலைகீழாக்குங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகத் தெரியும்போது மங்கலான கரம் கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படும். வானியலாளர்கள் கண்ணாடித் தகடுகளில் எதிர்மறைப் படத்தையே வைத்துக்கொண்டு ஆராய்ந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்குப் பிறகும் ஒன்றும் தெரியாவிட்டால் ‘இருக்கலாம்’ என்ற நினைப்பில் சுருளுக்கு வாக்களிக்காதீர்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்பதும் ஆய்வாளர்களுக்கு ஒரு தகவல்தான்.

பக்கவாட்டுக் கேள்விக்கு ‘ஆம்’ சொல்வது தட்டு முழுக்கத் திரும்பி, ஊசிபோல் நிற்கும்போது மட்டும். என்ஜிசி 891 என்ற கேலக்ஸியைப் போல நடுவில் கறுப்பாக ஒரு தூசிக் கோடு ஓடினால் சந்தேகமே வேண்டாம். கரம் லேசாக விரிந்து தெரிந்தாலும் ‘இல்லை’ என்பதே சரி. இல்லாவிட்டால் இங்கும் சுருள் கேள்வி பறிபோகும்.

தண்டு விஷயத்தில் என்ஜிசி 1300ஐ ஒருமுறை பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுப்புடைப்பைத் தாண்டி இரு பக்கமும் நேர்கோடாக நீண்டு, அதன் நுனிகளிலிருந்து கரங்கள் புறப்படும். புடைப்பு கொஞ்சம் நீள்வட்டமாக இருப்பதெல்லாம் தண்டு ஆகாது. தட்டு சாய்ந்திருந்தால் வட்டமும் நீள்வட்டமாகத்தான் தெரியும். அப்போது அந்த நீட்டம் தட்டின் நீளவாக்கிலேயே இருக்கும். தண்டு என்றால் பெரும்பாலும் வேறு கோணத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்.

கரங்களை எண்ணுவது சொல்வதற்கு எளிது. எம்51 என்ற கேலக்ஸியைப் போல இரண்டு கரங்கள் தெளிவாக இருந்தால் சிக்கலில்லை. 1845இல் அயர்லாந்தின் பர் கோட்டையில் ராஸ் பிரபு 72 அங்குல ஆடிகொண்ட தொலைநோக்கியில் முதன்முதலாகச் சுருள் வடிவத்தைக் கண்டது இதில்தான். வானியலாளர் மெசியே 1773லேயே கண்டுபிடித்த பொருள், சுருள் என்று தெரிய 72 ஆண்டுகள் ஆயின. என்ஜிசி 2841 போன்றவை வேறு ரகம்: கரம் துண்டு துண்டாக, பஞ்சைப் பிய்த்துப்போட்டதுபோல் இருக்கும். அதற்கு ‘சொல்ல முடியவில்லை’ என்ற பொத்தான் வைத்திருக்கிறார்கள், தயங்காமல் பயன்படுத்துங்கள். மூன்று, நான்கு என்று இழுத்துப்பிடித்து எண்ணுவது தரவைக் கெடுக்கும். எண்ணும்போது மையத்துக்கும் விளிம்புக்கும் பாதித் தூரத்தில் கற்பனையாக ஒரு வட்டம் போட்டு, அதை எத்தனை கரம் வெட்டுகிறது என்று பாருங்கள். வெளியே போய்க் கிளைவிடும் கரத்தை இரண்டாக எண்ணும் பிழை அப்போது வராது.

இறுக்கத்துக்குத் தளம் எண்ணாக எந்த வரையறையும் தருவதில்லை, மாதிரிப் படங்களைத்தான் காட்டுகிறது. கரம் அந்தக் கற்பனை வட்டத்தை எந்தக் கோணத்தில் வெட்டுகிறது என்று கணக்கிடுவது கைகண்ட வழி. 10 டிகிரிக்குப் பக்கமாக இருந்தால் இறுக்கம், 30ஐ நெருங்கினால் தளர்வு. நடுப்புடைப்புக் கேள்விக்கு இதை வைத்துப் பதில் சொல்லிவிடாதீர்கள். புடைப்பு பெரிதாக இருந்தால் கரம் இறுக்கமாக இருக்கும் என்பது பாடப்புத்தகப் பாடம். ஆனால் கேலக்ஸி ஜூ வாக்குகளை வைத்து 2019இல் வந்த ஆய்வு, அந்தத் தொடர்பு மிகவும் பலவீனமானது என்று காட்டியது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டதால்தான் அது வெளிப்பட்டது.

சுருள்போல் வேஷம் போடுபவை

தொலைதூரப் படங்களில் சுருள் என்று நினைத்து ஏமாறுவது பெரும்பாலும் மோதும் கேலக்ஸிகளிடம்தான். இரண்டு கேலக்ஸிகள் நெருங்கும்போது ஈர்ப்பால் இழுபட்டு ஆளுக்கொரு வால் முளைக்கும். எதிரெதிர்த் திசையில் இரண்டு வால்கள், நடுவில் பிரகாசம்: பார்வைக்கு அசல் இருகரச் சுருள். மையத்தைப் பெரிதாக்கி இரண்டு உட்கருக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வால் வெளியே போகப்போக நேராகி நீளும். கரம் வளைந்து தட்டோடு ஒட்டியே வரும்.

ஏபெல் 2744 போன்ற கொத்துகளின் பக்கம் போனால் ஈர்ப்பு வில்லை விளைவால் (கொத்தின் ஈர்ப்பு லென்ஸ்போல் ஒளியை வளைப்பது) வளைந்த ஒளிவிற்கள் கிடைக்கும். இவை பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் நீட்டப்பட்ட பிம்பங்கள். ஒரு பெரிய மஞ்சள் கேலக்ஸியைச் சுற்றி நீல வில் தெரிந்தால் கரம் என்று துள்ளாதீர்கள். வில் மையத்தோடு சேராமல், ஒரே தூரத்தில் வளைந்து நிற்கும். நிறமும் மையத்தோடு பொருந்தாது. கரம் என்றால் உள்ளே போய்ச் சேர வேண்டும்.

வளையக் கேலக்ஸியும் அடிக்கடி குழப்பும். வளையம் தன்னைத்தானே சந்திக்கும். இறுக்கமான கரம் சந்திக்காமல் விலகிப்போகும். ஒரு முழுச் சுற்று விரல் வைத்துத் தடம் பிடித்தால் தெரிந்துவிடும்.

படக்கோளாறுகள் தொலைநோக்கிக்கேற்ப வேறுபடும். வெப்பில் பிரகாசமான நட்சத்திரத்துக்கு ஆறு பெரிய கதிர்களும் குறுக்கே இரண்டு சிறிய கதிர்களும் வரும். யூக்ளிடில் ஆறு, ஹப்பிளில் நான்கு. ஸ்லோனில் வேடிக்கையான ஒன்று உண்டு. அந்தக் கேமரா ஒவ்வொரு நிறத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்யும். நடுவில் ஒரு சிறுகோள் நகர்ந்தால் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் வரிசையாக விழும். வினோதப் பொருள் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பவர்களில் பலர் பார்த்தது இந்தச் சிறுகோளைத்தான்.

ஆனாலும் வினோதங்களைக் கவனிக்காமல் விடவும் கூடாது. 2007 ஆகஸ்டில் நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், ஐசி 2497 என்ற சுருள் கேலக்ஸியின் கீழே ஒரு நீலத் திட்டைப் பார்த்துவிட்டு ‘இது என்ன?’ என்று கேட்டார். அந்தக் கேலக்ஸியின் மையக் கருந்துளை முன்பு கொழுந்துவிட்டெரிந்தபோது கிளம்பிய ஒளியால் ஒளிரும் வாயு மேகம் அது. சுருள் ஏற்கெனவே பட்டியலில் இருந்ததுதான். பக்கத்தில் இருந்த திட்டுதான் புதியது.

வாக்குகள் எப்படி முடிவாகின்றன

உங்கள் ஒருவரின் பதிலால் எதுவும் தீர்மானமாவதில்லை. இரண்டாம் கட்டமான கேலக்ஸி ஜூ 2இல் 3,04,122 கேலக்ஸிகளுக்குச் சராசரியாகத் தலா 40 பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். முடிவு ‘சுருள்’ அல்லது ‘சுருள் இல்லை’ என்று வராது. எத்தனை பங்கு பேர் சுருள் என்றார்கள் என்ற பின்னமாக வரும்.

தரவை இறக்கிப் பயன்படுத்துகிறவர்கள் தவறுவது இங்கேதான். 40 பேர் பார்த்த கேலக்ஸி என்றால் சுருள் கேள்விக்கும் 40 வாக்கு இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். 60 சதவீதம் பேர் கூறுகள் தெரிகின்றன என்றால் 24 பேர் மிச்சம். அதில் 90 சதவீதம் பேர் பக்கவாட்டில் இல்லை என்றால் சுருள் கேள்வியைப் பார்த்தவர்கள் 21, 22 பேர்தான். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் பின்னத்தின் பிழை 0.1 வரை போகும். கேலக்ஸி ஜூ 2 குழுவே பரிந்துரைத்த வெட்டுகள் இருக்கின்றன: கூறுகள் உண்டு என்ற பின்னம் 0.430க்கு மேல், பக்கவாட்டில் இல்லை என்பது 0.715க்கு மேல், கரங்களைப் பற்றிய பதில்களைப் பயன்படுத்த வேண்டுமானால் சுருள் உண்டு என்பது 0.619க்கு மேல், கேள்விக்குக் குறைந்தது 20 வாக்கு. இந்த வரிசையை அப்படியே டாப்கேட் மென்பொருளில் போட்டு வடிகட்டலாம். தொலைவு கூடக்கூடச் சுருள் வாக்கு தானாகக் குறையும் என்பதால் அதைத் திருத்திய பின்னங்களையும் அட்டவணையில் தனி நெடுவரிசையாகத் தந்திருக்கிறார்கள். தனி ஒரு கேலக்ஸியைப் பார்க்கத் திருத்தாத எண்ணே போதும். பல தொலைவுகளை ஒப்பிடும்போது திருத்திய எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

மனிதக் கண்ணின் கோளாறும் பதிவாகியிருக்கிறது. முதல் கட்டத்தில் சுருள் கடிகாரத் திசையா, எதிர்த் திசையா என்று கேட்டார்கள். எதிர்த் திசைக்கு வாக்கு கூடுதலாக விழுந்தது. பிரபஞ்சத்துக்கே ஒரு கைப்பழக்கம் உண்டோ என்று சந்தேகம் வந்து, அதே படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் காட்டினார்கள். அப்போதும் எதிர்த் திசைக்கே அதிகம். சாய்வு வானத்தில் இல்லை, பார்க்கிறவர்களிடம்தான். இப்படித் தன் பயனர்களையே சோதித்து, வந்த முடிவை வெளிப்படையாக எழுதும் சேவைகள் குறைவு. இந்தத் தளத்தை நம்பலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இப்போது ஜூபாட் என்ற கணினி மாதிரி, மக்கள் வாக்குகளில் பழகி, எளிதான கேலக்ஸிகளைத் தானே பிரித்துவிடுகிறது. 2025 மார்ச்சில் வெளியான யூக்ளிடின் முதல் தொகுப்பில் 3,80,000 கேலக்ஸிகளுக்கு அது வடிவம் சொன்னது. அதற்குப் பாடம் கற்றுக்கொடுத்தவர்கள் சுமார் 10,000 தன்னார்வலர்கள். எளிதானவற்றைக் கணினி பார்த்துக்கொள்வதால் உங்களிடம் வரும் படங்கள் போகப்போகக் கடினமாகத்தான் இருக்கும். அடுத்தடுத்து மங்கலாக வருகிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கணினி முழிக்கும் இடத்தில்தான் உங்கள் கண்ணுக்கு மதிப்பு.

தொலைவுக்கு வேறு கதவைத் தட்ட வேண்டும்

நல்ல சுருளாகத் தெரிந்தால் படத்தின் விவரப் பகுதியிலிருந்தோ கலந்துரையாடல் பக்கத்திலிருந்தோ வான ஆயங்களை (வானத்தில் அது இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்களை) எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லோன் பரப்புக்குள் இருந்தால் அவர்களுடைய ஸ்கைசர்வர் பக்கத்தில் போட்டதும் நிறமாலையும் செம்பெயர்ச்சியும் வரும், நிறமாலை எடுத்திருந்தால். முதன்மைத் தொகுப்பில் சிவப்பு வடிகட்டியில் 17.77 பிரகாச அளவைவிட மங்கலானவற்றுக்கு எடுக்கவில்லை. அங்கே ஒளியளவை வைத்துக் கணித்த மதிப்புதான் கிடைக்கும். 0.1க்குள் இருந்தால் மனக்கணக்கே போதும்: செம்பெயர்ச்சியை 3,00,000ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் மெகாபார்செக் என்ற வானியல் தொலைவு அலகில் வரும், அதை 32.6 லட்சத்தால் பெருக்கினால் ஒளியாண்டு. 0.02 என்றால் ஏறத்தாழ 28 கோடி ஒளியாண்டு. அதற்கு மேல் இந்தக் குறுக்குவழியை நம்பாமல், நெட் ரைட் உருவாக்கிய பிரபஞ்சவியல் கணிப்பானில் போடுங்கள்.

ஒளியளவுச் செம்பெயர்ச்சி எத்தனை வடிகட்டிகளில் எடுத்தது என்று பார்க்காமல் நம்பக் கூடாது. நாலைந்து வடிகட்டி மட்டும் இருந்தால், தூசி படிந்த பக்கத்துக் கேலக்ஸியும் தொலைவிலிருக்கும் பழைய கேலக்ஸியும் ஒரே சிவப்பாகத் தெரிந்து எண் தாறுமாறாகப் போகும். அலக்நந்தாவின் எண்ணுக்கு மதிப்பு வந்தது வடிகட்டிகள் அதிகம் என்பதால்தான். தட்டு உண்மையிலேயே சுழல்கிறதா என்பதற்கு அதுவும் போதாது, வாயுவின் வேகத்தை அளக்க வேண்டும். செம்பெயர்ச்சி 4.41இல் உள்ள பிஆர்ஐ 1335-0417 என்ற கேலக்ஸிக்கு 2021இல் சிலியின் ஆல்மா வானொலித் தொலைநோக்கிகள் அதைச் செய்தன. வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அல்ல அது.

அலக்நந்தா இருக்கும் பகுதியையே பார்க்க வேண்டுமென்றால் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஈசா ஸ்கை தளத்தில் ‘ஏபெல் 2744’ என்று ஆங்கிலத்தில் தேடி, வெப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். முன்னால் மஞ்சள் நீள்வட்டக் கேலக்ஸிகள், இடையில் ஒளிவிற்கள், பின்னால் பொடிப்பொடியாகத் தொலைதூரக் கேலக்ஸிகள். மேலே சொன்ன ஏமாற்று வகைகளில் பல ஒரே சட்டகத்தில் கிடைக்கும் என்பதால், பயிற்சிக்கு இதைவிட நல்ல வயல் இல்லை.

குறைகள்

உங்கள் பதில் சரியா தவறா என்று தளம் சொல்வதில்லை. அடுத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று காட்டினால் எல்லோரும் அதையே சொல்வார்கள் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்கு அது நியாயம், கற்றுக்கொள்ள வருகிறவருக்குச் சிரமம். இதற்கு ஒரு மாற்று: கேலக்ஸி ஜூ 2 தரவை இறக்கி, அதிலுள்ள கேலக்ஸிகளை ஸ்கைசர்வரில் பார்த்து நீங்களே வகைப்படுத்திவிட்டு, பின்னத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஐம்பது பார்த்தால் உங்கள் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

விரும்பிய கேலக்ஸியை அல்லது வானப் பகுதியைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, வருவதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு படத்துக்குள் பின்னால் போய்ப் பதிலை மாற்றலாம். ‘முடிந்தது’ (Done) என்ற பொத்தானை அழுத்திய பிறகு முடியாது. கலந்துரையாடல் பகுதியில் கேட்ட கேள்விக்கு எப்போது பதில் வரும் என்பதற்கு உறுதி கிடையாது. மொபைலில் வேலை நடக்கும், ஆனால் வெப், யூக்ளிட் வரிசைகளுக்கு அது சரிப்படாது. பெரிய திரையும் வெளிச்சம் குறைந்த அறையும் வேண்டும். வெயில் விழும் ஜன்னலோரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்தால் மங்கலான கரம் எல்லாம் வழுவழுப்பாகிவிடும்.

ஒரு சுருள் புதியது என்ற எண்ணம் வந்தால், வான ஆயங்களை டிகிரியில் குறித்துக்கொண்டு, நெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாசாவின் கேலக்ஸித் தரவுத்தளத்தில் 2 ஆர்க்செகண்ட் ஆரத்துக்குள் தேடுங்கள். ஸ்லோன் பரப்பு என்றால் ஏற்கெனவே பெயரோ எண்ணோ இருக்கும், அநேகமாகத் தப்பாது. வெப் படம் என்றால் அந்த ஆய்வின் பொதுப் பட்டியலில் எண் இருக்கும், ஆனால் அதன் வடிவத்தை யாரும் கவனித்திருக்காமல் போகலாம்; ராஷி ஜெயினும் வாடதேகரும் எடுத்துக்கொண்ட இடைவெளி அதுவே. வான ஆயங்கள், தொகுப்பின் பெயர், எந்த வடிகட்டியில் கரம் தெரிகிறது, பட்டியலிலுள்ள செம்பெயர்ச்சி, அதன் பிழை எல்லை ஆகிய ஐந்தையும் சேர்த்துக் கலந்துரையாடலில் போட்டால் ஆய்வாளர் ஒருவர் திரும்பிப் பார்க்கக் காரணம் இருக்கும். படத்தை மட்டும் ஒட்டி ஆச்சரியக்குறி போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.